இருமல் மருந்து லாரியை நிறுத்துனது யாரு

வேலை ஒண்ணுதான். கூப்பிட்டது என்னவோ புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரையும்.

மருந்து கம்பெனி மூடி நாலு மாசம். அவர் அங்க லோடு ஏத்தி அனுப்புற செக்‌ஷன், எல்லாரும் டெஸ்பாட்ச்காரர்னுதான் கூப்பிடுவாங்க. வீட்டுக்காரம்மா அதே கம்பெனியில பாட்டில் செக்கிங். இப்போ சோப்பு கம்பெனி ஒண்ணுல பேக்கிங் சூப்பர்வைசர் வேணும்னு போட்டிருந்தாங்க. ஒருத்தருக்காவது வரட்டும்னு ரெண்டு பேரும் எழுதிப் போட்டாங்க. ரெண்டு பேருக்கும் இன்டர்வியூ வந்துடுச்சு, ஒரே நாள், அரை மணி வித்தியாசத்துல.

ஆபீஸ்ல வேலை பார்க்குற மக சொல்லிக் குடுத்தா. "நாங்க செஞ்சோம், நாங்க பார்த்தோம்னு இழுக்காதீங்கப்பா. நீங்க தனியா சமாளிச்சது ஒண்ணு சொல்லணும்."

பதினோரு வருஷத்தைத் துழாவுனா ரெண்டுதான் தேறுச்சு. ஒண்ணு, டேப் ஒட்டுற மிஷின் பாதி ஷிப்ட்ல நின்னப்போ ஆளுங்களை வெச்சு கையாலயே ஒட்டி முடிச்சது. இன்னொண்ணு, இருமல் மருந்து லாரி. பாட்டில்ல காலாவதி தேதி, தயாரிச்ச தேதிக்கு ஒரு வருஷம் முன்னாடி அடிச்சிருந்துச்சு. பொறக்குறதுக்கு முன்னாடியே செத்துப்போன மருந்து. கேட்டைத் தாண்டப் போன லாரியை மறிச்சு மொத்தத்தையும் இறக்குனாங்க.

"மிஷின் எனக்கு, லாரி உங்களுக்கு"ன்னு பாகம் பிரிச்சாங்க வீட்டுக்காரம்மா.

அப்புறம் மூணு வாரம் ஒரே கூத்து. அந்தம்மா பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே ஆபீசர் ஆயிடுவாங்க. இவர் ஸ்டூல்ல உட்கார்ந்திருப்பார்.

"கையைக் கட்டாதீங்க. திருடி மாட்டுன ஆள் மாதிரி இருக்கு."

"சரிங்க ஆபீசரம்மா."

"தப்பை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ஒரு பெட்டியைப் பிரிச்சுப் பார்த்தேன் மேடம்."

"ஏன் பிரிச்சீங்க, அதைச் சொல்லுங்க. டேப் சரியா ஒட்டாம ஒரு பெட்டி இருந்துச்சு, மறுபடி ஒட்டலாம்னு எடுத்தேன், அப்போ லேபிள் கண்ணுல பட்டுச்சு. எத்தனை தடவைங்க சொல்றது?"

அவர் அப்படியே திருப்பிச் சொல்லிப் பழகிட்டார்.

இன்டர்வியூ அன்னைக்கு முதல்ல அந்தம்மா உள்ள போனாங்க. இருபது நிமிஷம் கழிச்சு வேற கதவு வழியா வெளிய அனுப்பிட்டாங்க. ஒரு வார்த்தை பேச முடியல. இவரைக் கூப்பிட்டாங்க.

உள்ள ஒரு அம்மாவும் ரெண்டு ஆம்பளைங்களும். முதல் ரெண்டு மூணு கேள்வி வழுக்கிக்கிட்டு போச்சு. அப்புறம் அந்த மேடம், "நீங்க சமாளிச்ச ஒரு பிரச்சனையைச் சொல்லுங்க"ன்னாங்க. இவர் லாரியை எடுத்துவிட்டார். பெட்டி, டேப், லேபிள். பாதியில மூணு பேனாவும் நின்னுடுச்சு.

"இதையே உங்களுக்கு முன்னாடி வந்தவங்க சொன்னாங்களே," ன்னாங்க மேடம். "அவங்கதான் பார்த்ததா."

"அவங்க என் வீட்டுக்காரம்மா மேடம்."

"அப்போ நிஜமா பார்த்தது யாரு?"

யோசிச்சுப் பார்த்தார். பெட்டியைப் பிரிக்கிற கை ஞாபகத்துல வருது. அதுல வளையல் இருக்கு. ஆனா மூணு வாரமா எதிர்ல பாத்திரம் தேய்ச்சது வளையல் கைதானே, அது வந்து இதுல ஒட்டிக்கிச்சோ? நான்தான்னு சொன்னா அவ பொய்க்காரி. தெரியலைன்னா ரெண்டு பேர் வேலையும் காலி.

"அவங்கதான் மேடம். லேபிள் பார்க்குறது அவங்க செக்‌ஷன். நான் ஓடிப்போய் லாரியை மறிச்சேன். வீட்டுல சொல்லிச் சொல்லிப் பார்த்ததுல எல்லாமே நான் செஞ்ச மாதிரி ஆயிடுச்சு."

"அவங்களுக்கு விட்டுக்குடுக்குறீங்களா?"

"இல்ல மேடம், எனக்கும் வேலை வேணும். ஆனா அவங்க கண்ணுல இருந்து எதுவும் தப்பாது. நான் பட்டன் மாத்திப் போட்டிருந்தா தெருமுனை வரைக்கும் துரத்திட்டு வந்து சரியா மாட்டிவிடுவாங்க."

மூணு பேரும் சிரிச்சாங்க. எதுக்குன்னு இவருக்குப் புரியல.

வெளிய பெஞ்சுல வீட்டுக்காரம்மா முகம் வெளுத்துப் போய் இருந்தாங்க.

"நீ ஏம்மா லாரியைச் சொன்னே?"

"வாயைத் திறந்தா லாரிதாங்க வந்துச்சு. உங்களுக்குச் சொல்லிக் குடுத்துச் சொல்லிக் குடுத்து மிஷினே மறந்துபோச்சு. நீங்க என்ன சொன்னீங்க?"

"பார்த்தது நீதான்னு சொல்லிட்டேன்."

"என்னங்க இது, பார்த்தது நீங்கதானே? பெட்டியைத் தூக்கிக்கிட்டு என்கிட்ட வந்தீங்களே."

"நானா?"

அந்தம்மா கொஞ்சம் யோசிச்சாங்க. "நீங்கன்னுதான் நினைக்கிறேன்."

அதுக்குள்ள அந்த மேடமே வெளிய வந்து, வேலை வீட்டுக்காரம்மாவுக்குத்தான்னு சொன்னாங்க. "போட்டிக்கு வந்தவரே இப்படிச் சாட்சி சொல்லி நாங்க பார்த்ததில்ல."

அந்தம்மாவுக்கு மனசு கேக்கல. "மேடம், ஒரு விஷயம். அதை யார் பார்த்ததுன்னு எங்களுக்கே இப்போ குழப்பமா இருக்கு."

மேடம் ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்தாங்க. "லாரி நின்னுச்சா, இல்லையா?"

"நின்னுச்சு மேடம்."

"திங்கக்கிழமை எட்டு மணிக்கு வந்துடுங்க."

பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாங்க. அப்புறம் டெஸ்பாட்ச்காரர் கேட்டார், "அப்போ நான் இதுல பாஸா, ஃபெயிலா?"

"எனக்கும் அதாங்க புரியல," ன்னாங்க வீட்டுக்காரம்மா. "பஸ் வருது, முதல்ல ஏறுங்க."