படகில் நாலாவது ஆள்

பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுப்பது என் வேலை. ஒரு நாளைக்கு அறுபது கைகளில் நரம்பு தேடுகிறேன். மூன்று வருடமாக மற்றவர்களின் ஞாயிற்றுக்கிழமை வேலையையும் நானே பார்த்து, கெஞ்சிக் கூத்தாடி ஒன்பது நாள் விடுப்பு வாங்கினேன். கடலும் வெயிலுமாக ஒரு தீவுக்கு விமானத்தில் போகிறோம் என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு நாத்தனார் குடும்பமும் சேர்ந்துகொண்டது. அவளுக்கு மூன்று வயதில் இரட்டைப் பிள்ளைகள். எனக்கு ஆறு வயதில் மகள், இரண்டு வயதில் மகன்.

"அண்ணி இருக்காங்கல்ல, பிள்ளைங்களைப் பத்திக் கவலையே இல்ல" என்றாள், எனக்கு ஏதோ விருது கொடுப்பதுபோல.

சனிக்கிழமை மதியம் நாலு பேரும் சாப்பாட்டு மேசையில் திட்டம் போட உட்கார்ந்தோம். பிள்ளைகள் பக்கத்து அறையில் டிவி முன்னால் இருந்தார்கள். வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் கட்டம் போட்டுப் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. லேப்டாப்பில் ஒன்பது நாளுக்கும் கட்டம் போட்டிருந்தார். குகை, அருவி, மலையேற்றம். எல்லாவற்றுக்கும் எதிரே 'சிறு குழந்தைகளுக்கு அனுமதி இல்லை'. அதற்கு அடுத்த கட்டத்தில், 'பிள்ளைகளோடு இருப்பவர்' என்ற தலைப்பின் கீழ், வரிசையாக என் பெயர்.

"எல்லா நாளும் நானேவா?"

"நீ இல்லாம சின்னவன் யார்கிட்ட சாப்பிடுவான், சொல்லு?"

குரலில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வம்புக்கு வருபவரோடு மல்லுக்கு நிற்கலாம், இந்த மனிதரை என்ன செய்வது?

ஐந்தாம் நாள் காலை மட்டும் என் பெயர் இல்லை. அன்று நான்கு மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள விடுதியே ஒரு பெண்ணை அனுப்பும். பெரியவர்கள் நாலு பேரும் படகில் போய், மூச்சுவிடும் குழாயை வாயில் மாட்டிக்கொண்டு பவளப்பாறைகளுக்கு மேலே மிதக்கலாம். அந்த நான்கு மணி நேரம் போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அதற்காக மற்றதையெல்லாம் விட்டுக்கொடுத்தேன். சமையலறையோடு அறை எடுக்கலாம் என்றாள் நாத்தனார். சரி என்றேன். பிள்ளைகள் நாலு பேரும் என் அறையில் படுக்கட்டும் என்றார்கள். அதற்கும் சரி என்றேன்.

வீட்டுக்காரர் படகுக்கான படிவத்தை நிரப்பத் தொடங்கினார். வயது, எடை, கால் அளவு. நீச்சல் தெரியுமா? தனக்கும் தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் 'தெரியும்' என்று போட்டார். எனக்கு, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், 'தெரியாது'. நீச்சல் தெரியாதவர்கள் படகைவிட்டு இறங்கக் கூடாது என்று கீழே எழுதியிருந்தது.

"எனக்குத் தெரியும்" என்றேன்.

"என்ன தெரியும்?"

"நீச்சல். ஸ்கூல்ல மூணு வருஷம் போட்டிக்கெல்லாம் போயிருக்கேன்."

மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"எட்டு வருஷமா நீ சொல்லவே இல்லையே!"

"நீங்க கேக்கவே இல்லையே."

வீட்டுக்காரர் முகத்தில் நிஜமாகவே பெருமை. 'தெரியாது' என்பதை அழித்துவிட்டு 'தெரியும்' என்று போட்டார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, பொய் சொல்வானேன்.

"அண்ணா, அப்ப அந்தப் பொண்ணு எதுக்கு?" என்றாள் நாத்தனார். "விடுதியில நீச்சல் குளம் வேற இருக்கு. முன்னப்பின்ன தெரியாதவகிட்ட எப்படி விட்டுட்டுப் போறதுன்னு எனக்கு வயித்துல புளியைக் கரைச்சுது. அண்ணிக்கே நீச்சல் தெரியும்னா இனி பயமே இல்ல."

"அட, ஆமால்ல!" என்றார் வீட்டுக்காரர். ஐந்தாம் நாள் கட்டத்திலும் என் பெயர் ஏறியது.

"நான் படகுல வர்றதுக்காகத்தான் சொன்னேன்."

"எங்க மூணு பேருக்கும் அந்தப் படகு போதும்மா. நீ குளத்துல ஆசை தீர நீந்து, யாரு வேண்டாம்னாங்க?"

நான் வாய் திறப்பதற்குள் மகள் ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது.

"அம்மா, எங்க நாலு பேருக்கும் நீச்சல் சொல்லித் தருவியா? தினமும்?"

அந்த முகத்தைப் பார்த்து யாரால் மாட்டேன் என்று சொல்ல முடியும்? தருகிறேன் என்றேன்.

தெரியாது என்றே விட்டிருந்தால், படகிலாவது உட்கார்ந்திருப்பேன்.