ராக்கப்பனின் கஞ்சி

வைக்கோல் பிடுங்கப் போன பவுனுவின் கையில் ஒரு துணி முடிச்சு அகப்பட்டது. அவிழ்த்துப் பார்த்தாள். காய்ந்து கல்லாகிப்போன சோறு. வைக்கோல் படப்பின் இடுக்கில் அதுபோல் இன்னும் மூன்று முடிச்சுகள் இருந்தன.

கருத்தக்கண்ணன் மலாயாவிலிருந்து அனுமந்தன்பட்டிக்குத் திரும்பி ஐந்து மாதம் ஆகியிருந்தது. ரப்பர் தோட்டத்துக்குப் போனவனை யுத்தத்தின்போது ஜப்பான்காரர்கள் சயாம் காட்டுக்கு ரயில்பாதை போட இழுத்துப் போனார்கள். புருஷன் உயிரோடிருக்கிறானா என்றே தெரியாமல் ஆறு வருஷம் ஒற்றை ஆளாய் நட்டு, அறுத்து, கதிரடித்து நின்றவள் பவுனு. வந்தவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, வட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தின்றான். அவள் பக்கத்தில் போனால் அவன் கை தானாக வட்டிலை மறைத்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

முடிச்சுகளை அவன் முன்னால் வைத்தாள். "நான் சோறு போடாமயா இருக்கேன்? பொண்டாட்டிக்கிட்டயே ஒளிக்கணுமா?"

அவன் ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டான்.

அந்த வாரமே உத்தமபாளையத்திலிருந்து சங்கிலியம்மாள் வந்தாள். அவள் புருஷன் ராக்கப்பன் கருத்தக்கண்ணனோடு ஒரே கப்பலில் போனவன். சயாமில் காய்ச்சலில் இறந்தான் என்ற தகவல் மட்டும் அவளுக்கு வந்திருந்தது. உள்ளே வராமல் வாசலிலேயே நின்று கேட்டாள்.

"அண்ணே, கடைசி நேரத்துல அவுக வாயில ஏதாச்சும் போச்சா? அத மட்டும் சொல்லிருங்க."

அவன் ஆமாம் என்று சொல்லிவிடட்டும் என்று பவுனு மனதுக்குள் வேண்டிக்கொண்டாள்.

"இல்ல தாயி. அவனுக்குக் குடுத்த கஞ்சிய நாந்தேன் வாங்குனேன். கடைசி ரெண்டு நாளும் நானே குடிச்சுட்டேன். அவன் பாத்துக்கிட்டுத்தேன் கெடந்தான்."

சங்கிலியம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "பசிக்குதுன்னு கேட்டாகளா?"

"கேட்டான்."

அவள் அழவில்லை. முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள்.

கருத்தக்கண்ணன் நிமிர்ந்து பவுனுவைப் பார்த்தான். வந்த நாளிலிருந்து அவன் அவளை நேராகப் பார்த்தது அப்போதுதான். அவளுக்கு அவன்மேல் வெறுப்பு வந்தது. அந்தக் கஞ்சியில்தானே இந்த மனுஷன் பிழைத்து வீடு வந்தான் என்ற நினைப்பும் கூடவே வந்தது. அப்படி நினைத்ததற்காக அவளுக்கே கூசியது.

"போங்க," என்றாள். "அந்தப் பிள்ள வெயில்ல ஒத்தையில போகுது."

அவன் எழுந்து போனான். பவுனு தெருமுனை வரை வந்து நின்றாள். உத்தமபாளையம் ரோட்டில் சங்கிலியம்மாள் முன்னாலும், இருபதடி தள்ளி அவனும் போய்க்கொண்டிருந்தார்கள். புளியமரத்தடியில் அவள் நின்றாள், திரும்பிப் பார்க்கவில்லை. அவனும் நின்றான். ஒரு மாட்டுவண்டி இருவரையும் கடந்து போனது. புழுதி அடங்கும்போது அவள் மறுபடி நடக்கத் தொடங்கியிருந்தாள்.