பெட்டிக்குள் எங்கள் சாமான்

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு நாங்கள் கனடாவுக்குக் குடிபோகப் புறப்பட்டபோது, லண்டன் இல்ஃபோர்ட் வீட்டு முன்னறையில் கப்பல் கம்பனி ஒரு பெரிய மரப்பெட்டியை வைத்துவிட்டுப் போனது. வியாழக்கிழமை காலை அது லொறியில் ஏறும். இந்தச் செய்தி என் கணவர் ஞானரட்ணத்தின் வாயால் ஊரெல்லாம் பரவியது. யார் கேட்டாலும் ‘ஏலாது’ என்று மறுக்க அவருக்கு நாக்கு வராது. கனடாவில் சொந்தம் இல்லாத யாழ்ப்பாணத்தார் இல்ஃபோர்டில் யார் இருக்கிறார்கள்? ஒரு கிழமையாகக் கதவு மணி ஓயவில்லை. அங்கேயுள்ள சொந்தத்துக்குச் சின்னப் பார்சல்தான், பெட்டியில் ஒரு மூலை காணும் என்று எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். பக்கத்துத் தெரு பாலேந்திராவின் சின்னப் பார்சலைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

நான் பொறுத்துக்கொண்டேன். என் தையல் மெசினுக்கு இடம் இருக்கும்வரை எனக்கு யாரோடும் சண்டை இல்லை. அது தொழிற்சாலை மெசின். ஏழு வருடம் வீட்டில் இருந்தபடியே பிளவுஸ் தைத்துக் கொடுத்துக் குடும்பத்தை நிமிர்த்தினேன். கனடாவில் நாங்கள் தங்கப்போவது இவருடைய அக்கா, என் மச்சாள் தவமலரின் வீட்டு நிலக்கீழ் அறையில். நான் செய்யவேண்டிய வேலையை மச்சாள் தொலைபேசியிலேயே தீர்மானித்துவிட்டார். தையல் எதற்கு, தன் மூன்று பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு சமைத்தால் போதும் என்றார். மெசின் இல்லாமல் போய் இறங்கினால் நான் அந்த வீட்டுக்குச் சம்பளமில்லாத வேலைக்காரிதான்.

புதன்கிழமை மத்தியானம் கடைசிக் கட்டுப் பிளவுஸைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். பெட்டிக்கு மூடி போட்டு திருகாணி முறுக்கியாகிவிட்டது. என் மெசின் பின்வளவில், மழைக்குள், ஒரு பிளாஸ்டிக் தாளின் கீழே நின்றது. எனக்கு உச்சி மயிர் வரை பற்றியெரிந்தது.

“அக்கா லண்டன் பீங்கான் செட் கேட்டவ. இடம் காணேல்லை,” என்றார் இவர், என் முகத்தைப் பார்க்காமல். “அங்க கரண்டும் வேற. உந்த மெசின் ஓடாது.”

“மோட்டர்தான் ஓடாது. அதைக் கழட்டி இஞ்சயே விட்டிட்டு வாறன். அங்க வேற மோட்டர் பூட்டலாம்.”

மூடியின் மேல் கம்பனிப் படிவம் கிடந்தது. பெட்டிக்குள் இருப்பதெல்லாம் எங்கள் வீட்டில் பாவித்த சொந்தச் சாமான் என்று எழுதி, கீழே இவர் ஒப்பமிட்டிருந்தார். அதை அவர் கையில் கொடுத்தேன்.

“இதுக்குள்ள எங்கட சாமான் எது, சொல்லுங்கோ.”

எங்களுடையது இரண்டு பானையும் நாலு போர்வையும் என்று அவருக்கும் தெரியும். எண்பத்துமூன்று கலவரத்தில் கொழும்பு வீட்டை அடித்து நொறுக்கியபோது உடுத்த உடுப்போடு ஓடினோம். அன்று துரத்தியவர்களுக்குப் பயந்து விட்டுவிட்டு வந்தேன். இன்று ஒரு பீங்கான் செட்டுக்காக விடமாட்டேன்.

ஸ்க்ரூடிறைவரை எடுத்து மூடியை நானே கழற்றினேன். பார்சல்களை ஒவ்வொன்றாக வெளியே அடுக்கிவிட்டு, வந்து எடுத்துப் போகச் சொல்லி எல்லோருக்கும் தொலைபேசி எடுத்தேன். பாலேந்திராவின் மனைவி இனி என் முகத்தில் விழிக்கமாட்டாராம். நல்லது. அக்காவுக்கு என்ன சொல்லுவது என்று இவர் கையைப் பிசைந்தார். அந்தக் கவலையும் அவருக்கு வேண்டாம் என்று மச்சாளையும் நானே அழைத்தேன்.

“மச்சாள், பீங்கான் வரேல்லை. மெசின் வருது.”

தன் வீட்டில் அதற்கெல்லாம் இடமில்லை என்றார் மச்சாள், குரலை உயர்த்தி.

“அப்ப மெசினுக்கு இடமிருக்கிற வீட்டில நாங்கள் இருப்பம்,” என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.

இவர் பின்வளவுக்குப் போய் மெசினின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். மறுபக்கத்தை நான் தூக்கினேன்.

காலையில் வந்த லொறிக்காரரிடம் புதுப் படிவம் வாங்கினேன். கொண்டுபோய்க் கொடுக்கவேண்டிய விலாசம் என்ற இடத்தில் மச்சாளின் வீட்டை எழுதவில்லை. ரொறன்ரோவில் கம்பனியின் கிடங்கிலேயே இருக்கட்டும், உரியவர் வந்து எடுப்பார் என்று எழுதினேன். உரியவர் யார் என்று லொறிக்காரர் இவரைக் கேட்டார். இவர் பேனாவை என் பக்கம் நீட்டினார்.

அருமைநாயகி ஞானரட்ணம் என்று முழுப்பெயரையும் எழுதி ஒப்பமிட்டேன்.