அக்கா வீட்டுக்குப் போய்வந்த புத்தகம்

ரயில் எல்லையைத் தாண்டியபோது கண்ணாடிக்காரர் மட்டும் தாண்டவில்லை. பெட்டியும் இருக்கையும் மடியிலிருந்த பையும் அவர் உடம்பைத் துளைத்துக்கொண்டு போய்விட, உட்கார்ந்த வாக்கிலேயே தண்டவாளத்தின் நடுவே மிஞ்சினார். காயம் இல்லை. பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்கு இப்படி ஆவதுண்டு என்று எல்லைக் காவலர் ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். பையில் அக்காவுக்காக அவரே தேய்த்த தடித்த மூக்குக்கண்ணாடி இருந்தது. ரயில்காரர்கள் அதைப் பத்திரமாக அவள் வீட்டில் சேர்த்துவிட்டார்கள். "கண்ணாடி வந்துடுச்சு, நீ எங்கடா?" என்று அக்கா போன் செய்தாள். அவளுக்குப் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. முழுக்க இருட்டுவதற்குள் தம்பி முகத்தை ஒருதடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

பிறந்த நாடு அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிட்டிருந்தது. இருபது வருடமாகக் குடியிருக்கும் நாடோ, பாஸ்போர்ட் கிடைக்காத வெளிநாட்டவருக்கென்று பயணப் புத்தகம் ஒன்றைப் பெரிய மனது பண்ணி வைத்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை: பாஸ்போர்ட் தர மாட்டோம் என்று பிறந்த நாடே எழுதித் தர வேண்டும். அந்த நாட்டுத் தூதரகத்தில் துணைச் செயலர் கோட்டுப் பொத்தானைத் தடவிக்கொண்டார்.

"தர மாட்டோம்னு நாங்க எப்ப சொன்னோம்?"

"அப்ப குடுங்க சார்."

"அதெப்படிக் குடுக்க முடியும்?"

இந்த உரையாடலில் ஆறு வருடம் போயிற்று. ஏழாவது வருடம், பதில் வராத நாற்பத்தொரு கடிதங்களையே மறுப்பாக எடுத்துக்கொண்டு, குடியிருக்கும் நாட்டில் புத்தகத்தைக் கொடுத்தார்கள். படத்தில் பல் தெரியக்கூடாதாம். "சிரிச்சிடாதீங்க சார்" என்று எச்சரித்த போட்டோக்காரருக்கு, அவர் சிரிக்கிற ஆளே இல்லை என்று தெரியாது.

மறுபடியும் ரயில். பைக்குள் இருந்த புத்தகம் தாண்டியது, அவர் தாண்டவில்லை. காவலர் அதே ஸ்டூலைக் கொண்டுவந்தார்.

அக்கா புத்தகத்தை விரித்து நாற்காலியில் சாத்திவைத்து, தடித்த கண்ணாடி வழியாக வெகுநேரம் பார்த்தாள். "என்னடா இப்படி இளைச்சுட்டே?" என்று திட்டிவிட்டு அதன் முன்னால் தட்டு வைத்தாள். ஒரு மாதம் கழித்து, வந்த முத்திரையும் போன முத்திரையுமாகப் புத்தகம் திரும்பியபோது படத்தில் கன்னம் உப்பியிருந்தது, உதட்டோரம் சிரிப்பு. புத்தகம் கொடுத்த அலுவலகத்தில் அதிகாரி படத்தையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார். "படம் சரியாத்தான் இருக்கு. நீங்கதான் ஒத்துவரல" என்று சொல்லிப் புதுப்பித்துக் கொடுத்தார்.

அப்புறம் வருடா வருடம் புத்தகம் போய்வந்தது. ஜன்னலோர இருக்கையிலேயே அனுப்புவார். அது ஊரில் இல்லாத மாதங்களில் ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கடையில் ஆளில்லாத நாற்காலிக்குப் பார்வை சோதித்துக்கொண்டிருப்பார்.

பத்தாவது வருடம் அவரே அக்காவுக்குப் போன் செய்தார்.

"தம்பி இப்பதான் கிளம்பினான். நல்லா சாப்பிட்டான்" என்றாள் அக்கா. "ஆமா, நீங்க யாரு பேசறது?"

அவர் போனை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டார். "கண்ணாடிக் கடையிலிருந்தும்மா. கண்ணாடி எப்படி இருக்குன்னு கேக்கலாம்னு."

"அவன் முகம் நல்லாத் தெரியுதுப்பா."

போனை வைத்துவிட்டு, கடையைப் பூட்டி, புத்தகத்தை அழைத்துவர எல்லைக்குக் கிளம்பினார். காவலர் ஸ்டூலை வெளியே போட்டு வைத்திருந்தார்.