பெரிய டாக்டரின் முழங்கால்

மனித உடம்பில் பொய்யே சொல்லாத உறுப்பு முழங்கால் ஒன்றுதான் என்று பெரிய டாக்டர் ஆண்டுதோறும் மாணவர்களிடம் பிரகடனம் செய்வார். முழங்காலின் சொந்தக்காரரைப் பற்றி எதுவும் சொல்லமாட்டார்.

"எப்படி அடிபட்டுதுன்னு கேளு. பாதி நோய் அதுலயே தெரிஞ்சிடும். மிச்சத்தைக் கை சொல்லும். விரல் இல்லாதவனுக்குத்தான் ஸ்கேன்" என்பது அவருடைய வேதம்.

ஒரு திங்கட்கிழமை அவரே நொண்டிக்கொண்டு வந்து மருமகனின் அறையில் கட்டிலேறிப் படுத்தார். மருமகனும் அதே ஆஸ்பத்திரியில் மூட்டு டாக்டர். மாமனார் தயவில் வந்தவர் என்பதை அங்கே வாட்ச்மேன்கூட மறப்பதில்லை.

"எப்படி மாமா ஆச்சு?"

"டென்னிஸ். கூட ஆடினவன் பக்கவாட்டுல வந்து மோதிட்டான்."

அவருடைய டென்னிஸ் மட்டை வீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது.

வெளியிலிருந்து மோதினால் பக்கத் தசைநார் இழுபடும். மடக்கிய காலோடு திரும்பினால் மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் பிறை வடிவ ஜவ்வு, மெனிஸ்கஸ், கிழியும். சீக்கிரம் கண்டுபிடித்தால் தைக்கலாம். தாமதித்தால் வெட்டி எறிய வேண்டியதுதான். மருமகனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே மாமாதான்.

எதற்கும் இருக்கட்டுமென்று ஜவ்வையும் சோதிக்க மருமகன் முழங்காலை மடக்கி, பாதத்தைத் திருப்பி, மெல்ல நீட்டினார். உள்ளே 'டக்' என்றது.

"வலிச்சுதா மாமா?"

"இல்லையே." நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

"ஏதோ சத்தம் கேட்டுச்சே?"

"கட்டில் பழசு."

"எதுக்கும் ஒரு ஸ்கேன்..."

"ஏன், உனக்கு விரல் இல்லையா?"

தசைநார்ச் சுளுக்கு என்று எழுதிப் பட்டை மாட்டிவிட்டார் மருமகன். மாமனாரைச் சந்தேகப்பட்டுவிட்டு எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது?

பெரிய டாக்டரின் வீட்டில் அவர் மனைவி கேட்டாள்: "ஏங்க, நீங்க எப்ப டென்னிஸ் ஆடுனீங்க?"

"உனக்கு எல்லாம் தெரியுமா?"

"டிவியில பாத்ததுக்கா கால் வீங்குச்சு?"

வாரங்கள் ஓடின. ஒருநாள் வகுப்பில், மாணவர்கள் முன்னால் நாற்காலியை விட்டு எழப்போனவருக்கு முழங்கால் பாதியில் பூட்டிக்கொண்டது. நீட்ட முடியவில்லை. உட்கார்ந்த வாக்கிலேயே சக்கர நாற்காலிக்கு மாற்றி, காத்திருந்த நோயாளிகள் நடுவே ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். சிலர் எழுந்து வணக்கம் வேறு வைத்தார்கள்.

கிழிந்த ஜவ்வு மடிந்து மூட்டுக்குள் ஆப்பு மாதிரி செருகியிருந்தது. தையல் நிற்காத அளவுக்கு நைந்திருந்தது. மருமகன் வெட்டி எடுத்தார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா தச்சிருக்கலாம் மாமா. இனிமே மணிக்கணக்கா நின்னு ஆபரேஷன் பண்றதை மறந்துடுங்க."

பெரிய டாக்டர் போர்வையை இழுத்து முழங்காலை மூடினார்.

"நிஜமா எப்படி ஆச்சு?"

இனி காப்பாற்ற எதுவும் இல்லாததால் சொன்னார். அவர் ஆபரேஷன் செய்தும் கால் சரியாகாத டீச்சரம்மா ஒருவர், கைத்தடியோடு ஆஸ்பத்திரியின் கார் நிறுத்துமிடத்தில் எதிரே வந்திருக்கிறார். அவர் கண்ணில் படாமலிருக்க இவர் ஒரு வேனுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அப்படியே திரும்பி எழுந்தபோது கிழிந்தது.

டீச்சரம்மா அன்று வந்தது பல் பிடுங்க.