பல் பார்க்க வந்தவர்

தைப்பூசத்துக்கு மறுநாளிலிருந்து துரை சரியாகச் சாப்பிடவில்லை.

துரை ஒரு முயல். வெள்ளை நிறம், சிவந்த கண், யாரையும் மதிக்காத நடை. சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் கறிக்காகக் கூண்டில் கிடந்தவரைப் பேரம் பேசித் தூக்கி வந்தபோது பூவம்மாவுக்குப் பதினாறு வயது. இப்போது இருபத்து நான்கு. முயல் கணக்கில் துரை கிழவர்.

கெர்பாவ் ரோட்டு வீட்டில் கிழவர்கள் இரண்டு பேர். மற்றவர் பூவம்மாவின் அப்பா பரமசிவம். போன வருடம் பற்களை எல்லாம் பிடுங்கிவிட்டுப் பல் செட் கட்டிக்கொண்டார். செட் ஈறைக் கடித்தது. அதைத் தண்ணீர்க் குவளையில் போட்டுவிட்டுக் கஞ்சிக்கு மாறினார். பூவம்மா நியாயமான பெண். வயதானவர்களுக்குள் பாரபட்சம் கூடாது என்று துரைக்கும் புல்லை நிறுத்தினாள். ஒரே சட்டி, ஒரே கஞ்சி, இரண்டு கிண்ணம்.

வெகுநாள் இருவரும் நன்றாகவே இருந்தார்கள். இப்போது துரை கிண்ணத்தருகே வருவார், முகர்வார், வாயை வைப்பார், திரும்பிப் போவார். தாடை எப்போதும் நனைந்திருந்தது. தடவினால் முதுகெலும்பு கையில் இடறியது.

"வயசாச்சும்மா," என்றார் அப்பா. "அவர் வேளை வந்துடுச்சு."

"நீங்க சும்மா இருங்கப்பா."

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அதற்கு முன் வந்த வரன்களை எல்லாம் அவள் வாசலோடு திருப்பியிருந்தாள். இந்தத் தடவை தரகர் செல்லக்கண்ணு, மாப்பிள்ளை பல் டாக்டர் என்றார். அவள் மாப்பிள்ளையின் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

"வரச் சொல்லுங்க," என்றாள்.

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மாப்பிள்ளை தங்கராஜு அக்கா லட்சுமியோடு வந்தார். அக்கா கையில் வெற்றிலைத் தட்டு. பிடித்துப்போனால் அன்றே தட்டு மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. மாப்பிள்ளை கையில் கறுப்புத் தோல்பை.

பெண் பட்டுச்சேலை கட்டி, தலை குனிந்து, காபியோடு வரவேண்டும். பூவம்மா பட்டுச்சேலை கட்டியிருந்தாள். தலையும் குனிந்திருந்தது, கையிலிருந்த துரையைப் பார்த்தபடி. காபிதான் இல்லை. நேரே வந்து முயலை மாப்பிள்ளையின் மடியில் வைத்தாள்.

"வாயைப் பாருங்க."

லட்சுமி தரகரைப் பார்த்தார். தரகர் கூரையைப் பார்த்தார்.

"பொண்ணுக்கு இரக்க சுபாவம்," என்றார் தரகர்.

"நான் பல் டாக்டர் இல்லீங்க," என்றார் தங்கராஜு.

மடியில் நழுவிய முயலைப் பிடித்துக்கொண்டு அவரே தொடர்ந்தார்.

"சிலிகி ரோட்டுல ஒரு பல் கிளினிக். பின்கட்டுல உக்காந்து பல் செட் செய்யறேன். உயிரோட இருக்கிற வாய்ல நான் கை வச்சதே இல்ல."

"அப்ப அந்தப் பை?"

"தரகர் அண்ணன்தான் கொண்டு வரச் சொன்னாரு. காலியா இருந்தா குட்டு வெளிப்பட்டுடும்னு ஒரு அரத்தைப் போட்டு வச்சிருக்கேன்."

"அரமும் டாக்டர் சாமான்தான் லா," என்றார் செல்லக்கண்ணு.

பூவம்மாவுக்குச் சிரிப்பு பொங்கியது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். பொய் சொல்ல ஒரு பையையே தூக்கிவந்தும் சொல்லத் தெரியாத மனுஷன்.

"பார்க்கவாவது பாருங்க."

தங்கராஜு துரையின் உதட்டை விலக்கினார். துரை உறுமினார். விரல் பின்வாங்கியது, மறுபடி வந்தது. கீழ்ப்பற்கள் மூக்கை நோக்கி நீண்டிருந்தன. மேற்பற்கள் ஆட்டுக்கொம்பு போல உள்ளே சுருண்டிருந்தன.

"என்ன குடுக்கிறீங்க?"

"கஞ்சி. அப்பாவுக்கு வைக்கிறதுதான்."

"எங்க டாக்டர் மேசை மேல முயல் மண்டையோடு ஒண்ணு இருக்கு. வர்றவங்களுக்கெல்லாம் அதைக் காட்டிக் கதை சொல்லுவாரு. முயலுக்குப் பல்லு நம்ம நகம் மாதிரி, சாகிற வரைக்கும் வளருமாம். புல்லைக் கடிச்சுத்தான் தேயணும்."

பூவம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாளும் ஊட்டி ஊட்டிப் பட்டினி போட்டிருக்கிறாள்.

"அராவ முடியுமா?"

"முடியும். கடிச்சா?"

"கடிக்காம நான் பிடிச்சுக்கிறேன்."

துண்டு தேடவில்லை. பட்டு முந்தானையிலேயே துரையைச் சுற்றி மடியில் இறுக்கினாள். லட்சுமி ஒரு சின்னக் கரண்டியின் காம்பால் நாக்கை மறைத்துப் பிடித்தார். தரகர் கையில் டார்ச்சு. தங்கராஜு மூச்சைப் பிடித்துக்கொண்டு அரத்தை இழுத்தார். வெள்ளைத் தூள் உதிர்ந்தது. நடுவில் துரை பட்டுச்சேலையில் தம் அபிப்பிராயத்தை ஈரமாகத் தெரிவித்தார். யாரும் அசையவில்லை.

ஒருவழியாக முடிந்தது. துரை குதித்து நாற்காலிக்கடியில் போனார். பரமசிவம் உள்ளே போய்க் குவளையோடு வந்தார்.

"தம்பி, இதையும் ரெண்டு இழுப்பு இழுத்துடுங்க."

"அரத்தைக் கழுவிட்டு," என்றாள் பூவம்மா.

தங்கராஜு செட்டைப் புரட்டினார். முகம் மாறியது. "இது நான் செஞ்சது."

"அப்படியா? ஒரு வருசமா உங்களத்தான் திட்டிக்கிட்டு இருக்கேன்."

"வலிச்சா வரச் சொல்லியிருப்பாங்களே. ஏன் வரல?"

"வந்தா மறுபடியும் பிடுங்குவாங்கன்னு பயம்."

"பிடுங்க இன்னும் என்ன இருக்கு மாமா?"

அந்த 'மாமா' அறையில் விழுந்தது. யாரும் அதைத் திருத்தவில்லை. பூவம்மா அடக்கிவைத்த சிரிப்பு முழுக்க வெளியே வந்துவிட்டது. லட்சுமியும் சேர்ந்துகொண்டார். தரகர் கையில் டார்ச்சு குலுங்கியது.

சிரிப்பு ஓய்ந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. நறுக், நறுக்.

துரை வெற்றிலைத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒரு வெற்றிலை பாதிக்கு மேல் உள்ளே போயிருந்தது. காம்பு மீசை போல ஆடிக்கொண்டிருந்தது.

பூவம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். இப்போது அது சிரிப்பு இல்லை.

"இன்னும் தட்டே மாத்தல," என்றார் லட்சுமி.

"இந்த வீட்டுப் பெரியவர் எடுத்துக்கிட்டாரும்மா," என்றார் தரகர். "அதுக்கு மேல பேச்சு ஏது?"

பூவம்மா தங்கராஜுவைப் பார்த்தாள். அவருடைய சட்டை முழுக்க வெள்ளைத் தூள்.

"அந்தப் பல்லு மறுபடி வளருமா?"

"வளரும். இனிமே புல்லே குடுங்க. இருந்தாலும் மாசா மாசம் வந்து பார்த்துட்டுப் போறேன்."

"மாசா மாசம் எதுக்கு வந்து வந்து போகணும்?" என்றாள் பூவம்மா.

துரை அடுத்த வெற்றிலையை இழுத்தார்.