அத்தானுக்கு ஒரு வாய் நன்னாரி

ஆம்புலன்ஸ் விமானத்தில் ஃப்ரிட்ஜ் கிடையாது என்றதுமே என் அக்கா யூனிஸ் அந்த விமானக் கம்பெனிக்காரரைப் போனிலேயே பிடிபிடியென்று பிடித்துவிட்டாளாம். இவ்வளவு பெரிய ஏற்பாட்டில் ஒரு டம்ளர் ஜூஸைக் குளிராக வைக்க வழியில்லையா என்று. அவர் பாவம், இது ரெக்கையில் ஃபேன் வைத்த குட்டி விமானம், ஒரு ஸ்ட்ரெச்சர், ஒரு டாக்டர், துணைக்கு ஒரு ஆள், இதற்கே இடம் சரியாக இருக்கும் என்று பொறுமையாக விளக்கியிருக்கிறார். டிரை ஐஸ் கொண்டுவரலாமா என்று கேட்டிருக்கிறாள். அதிலிருந்து வரும் வாயு அவ்வளவு சின்ன இடத்தில் மூச்சு முட்ட வைத்துவிடும், கூடாது என்றாராம். அது தனக்கும் தெரியும், உங்களுக்குத் தெரியுமா என்றுதான் கேட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டாள். கிழக்குத் தாம்பரத்தில் பெண்கள் பள்ளியில் முப்பது வருஷம் அறிவியல் நடத்தியவள். பரீட்சை வைக்காமல் யாரையும் விட மாட்டாள்.

ஈஸ்டருக்கு மகள் ஜென்சி வீட்டுக்கு என்று ஹூப்ளி போனவர்கள் அக்காவும் அசரியா அத்தானும். போன இடத்தில் அத்தானுக்கு வயிற்று வலி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் எல்லாம் முற்றிப்போயிருந்தது. செய்வதற்கு ஒன்றும் இல்லை, வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்கள் கையை விரித்தார்கள். ரோடு வழியாக வந்தால் உடம்பு தாங்காது என்பதால் ஜென்சி தன் ஆபீஸ் இன்ஷூரன்ஸில் போராடி இந்த விமானத்துக்கு ஏற்பாடு செய்தாள்.

ஊருக்குப் போகிறோம் என்று முடிவானதும்தான் அத்தான் அதைக் கேட்டார். ரயில்வே ஆபீஸில் வேலை பார்த்த காலத்திலிருந்து வாய் திறந்து எதையும் கேட்காத மனுஷன். சட்னியில் உப்பு இல்லையென்றால்கூடத் தானே எழுந்துபோய் எடுத்துக்கொள்வார். அவர் அக்காவிடம், ஐஸ் போட்டு ஒரு வாய் நன்னாரி குடித்தால் நன்றாக இருக்கும் என்றாராம். அதற்குள் டாக்டர் வாய்வழியாகக் கொடுப்பதையெல்லாம் நிறுத்திவிட்டார். வழியில் ஆட்டத்தில் வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போய்விடும், மெட்ராஸில் இறங்கியதும் தலையை உயர்த்தி வைத்து நாலு ஸ்பூன் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

நான் வீட்டிலிருந்தே கலந்து ஏர்போர்ட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறேன் என்று போனில் சொன்னேன். வேண்டவே வேண்டாம் என்றாள். என் ஃப்ரீசர் ஐஸில் மீன் வாசனை அடிக்குமாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அக்காவிடம் கோபப்பட்டு எனக்குப் பழக்கமில்லை, அதனால் சரி என்றேன்.

அவள் செய்த ஏற்பாட்டை ஜென்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஸ்டீல் ஃபிளாஸ்க்கை முதல் நாளே ஐஸ் தண்ணீர் ஊற்றிக் குளிர வைத்திருக்கிறாள். சாதா ஐஸ் போட்டால் கரைந்து சர்பத் நீர்த்துவிடும் என்று, எலுமிச்சை பிழிந்த நன்னாரியையே பெரிய பெரிய கட்டிகளாக உறைய வைத்திருக்கிறாள். துணைக்கு வருகிறவருக்கு ஒரு சின்னப் பைதான் அனுமதி. அதில் தன் மாற்றுப்புடவையை எடுத்துவிட்டு, அத்தானின் பழைய ஸ்வெட்டரில் சுற்றி ஃபிளாஸ்க்கை வைத்தாள்.

மே மாத வெயிலில் விமானம் கிளம்பாமல் வெகுநேரம் நின்றதாம். உள்ளே அடுப்படி மாதிரி காந்தியது, ஏசி காற்று மேலே போன பிறகுதான் வருமாம். அக்கா ஜன்னல் வெயில் படாமல் ஃபிளாஸ்க்கை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டிருந்தாள். மேலே போனதும் அத்தான் கண்ணைத் திறந்து பார்த்து, "இருக்கா?" என்று கேட்டார். ஐஸ் இருக்கிறதா என்றுதான். இவளுக்கும் அதே கவலை. மூடியைத் திறந்தாள். ஐஸ் கட்டிகள் கடகடவென்று உருண்டன. அந்தச் சத்தத்தை அவருக்குக் கேட்க வைத்து, ஃபிளாஸ்க்கின் வாயை அவர் மூக்குக்குப் பக்கத்தில் பிடித்தாள். அத்தான் கண்ணை மூடி அந்த வாசனையை இழுத்தார், சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகக் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாளாம். பிறகு குளிர் போய்விடக் கூடாதே என்று பலத்தையெல்லாம் கூட்டி மூடியை முறுக்கி மூடினாள்.

மீனம்பாக்கத்தில் நான் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தேன். ஆம்புலன்ஸ் உள்ளே போய் அவர்களை ஏற்றிக்கொண்டு வந்தது. நானும் ஏறிக்கொண்டேன். அத்தான் போர்வைக்குக் கீழே ஆளே இல்லாத மாதிரி மெலிந்திருந்தார். என்னைப் பார்த்து, லீவு போட்டியா என்று கேட்டார். திருமுடிவாக்கத்தில் என் முதலாளி லீவு தருவதற்குள் படுத்தும் பாடு அவருக்குத் தெரியும். போட்டுட்டேன் அத்தான் என்றேன்.

நர்ஸ் தமிழினி தலைப்பக்கத்தை உயர்த்தி, அவர் கழுத்துக்குக் கீழே துண்டு விரித்தாள். அக்கா ஸ்பூனைக் கையில் எடுத்துக்கொண்டு மூடியைத் திருகினாள். வரவில்லை. புடவையால் பிடித்துத் திருகினாள். அப்போதும் வரவில்லை. வெல்டிங் வைத்து மூடினாயா என்று கேட்டபடி நான் வாங்கி என் பலத்தைக் காட்டினேன். உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம். தமிழினியும் ஒரு கை பார்த்தாள். பல்லாவரம் சிக்னலில் நின்றபோது டிரைவர் ஒரு ஸ்க்ரூடிரைவரை நீட்டினார். நெம்பியதில் மூடியின் ஓரம் கொஞ்சம் நசுங்கியது, அவ்வளவுதான்.

அக்கா திடீரென்று என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மேல திறந்து பாத்தேன்டா எபி," என்றாள். "அங்க காத்து கம்மி. அந்தக் காத்தையே உள்ள வெச்சு மூடிட்டேன். கீழ வந்ததும் வெளிக்காத்து அமுக்குது."

வருஷா வருஷம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடத்திய பாடம். எண்ணெய் டின்னைச் சூடாக்கி மூடி, தண்ணீர் ஊற்றி நசுங்க வைத்துக் காட்டுவாள். டின் தேடி அலைவது என் வேலை. இப்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அக்கா தமிழினியிடம் ஊசி வாங்கி மூடியின் ரப்பர் வளையத்தைக் குத்தப் பார்த்தாள். வளையம் உள்ளே ஆழத்தில் இருந்தது, ஊசி வளைந்துபோனது.

குரோம்பேட்டையில் ரோட்டோரம் வரிசையாக ஜூஸ் கடைகள். வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன், ஓடிப்போய் ஏதாவது ஒன்று வாங்கிவருகிறேன் என்றேன். அத்தான் வேண்டாம் என்று தலையசைத்தார்.

"அவ கொண்டாந்தது இருக்குல்ல," என்றார்.

பிறகு கையை நீட்டினார். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அந்த வீட்டில் ஊறுகாய் ஜாடி, காப்பிப்பொடி டப்பா, இருமல் மருந்து, எதுவானாலும் அக்கா மூடினால் அத்தான்தான் திறக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவருடைய வேலை அது. ஃபிளாஸ்க்கை அவர் கையில் கொடுத்தாள். கனம் தெரியாமல் இருக்க நான் அடியில் தாங்கிக்கொண்டேன். விரல்கள் மூடியைச் சுற்றிப் பிடித்தன. திருகவில்லை, சும்மா பிடித்திருந்தன. நல்ல ஃபிளாஸ்க் அது, உள்ளே எவ்வளவு குளிர்ந்தாலும் வெளியே துளிகூடத் தெரியாது. அந்தக் குளிர்ச்சி அவர் விரலுக்காவது தெரிந்திருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

சானடோரியம் தாண்டும்போது அந்த விரல்கள் தளர்ந்தன. தமிழினி நாடி பார்த்தாள், இன்னொரு தரம் பார்த்தாள், பிறகு அக்காவின் தோளில் கை வைத்தாள். அக்கா அழவில்லை. துண்டை எடுத்து மடித்து வைத்தாள்.

சேலையூர் வீட்டில் ஹாலில் ஃப்ரீசர் பெட்டி கொண்டுவந்து வைத்து, அத்தானை அதில் கிடத்தினோம். மறுநாள் காலை ஜென்சி வந்து சேர்ந்தாள். சபையார் வந்தார்கள், பாட்டுப் பாடினார்கள், ஜெபித்தார்கள். அக்கா பெட்டியின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. தொண்டையில் பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

பக்கத்து வீட்டு அபிகாயில்தான் சமையலறையைப் பார்த்துக்கொண்டாள். டீச்சர் இப்படியே இருந்தால் விழுந்துவிடுவார் என்று பயந்து, மேடையில் இருந்த ஃபிளாஸ்க்கில் தண்ணீர் இருக்கும் என்று எடுத்துத் திருகியிருக்கிறாள். நசுங்கிய ஓரம் வழியாக ராத்திரியெல்லாம் காற்று புகுந்திருக்க வேண்டும், ஒரே திருகில் வந்துவிட்டது. சர்பத்தாக இருக்கிறதே, இன்னும் நல்லது என்று டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்தாள். ஒரு வாயாவது குடிங்க டீச்சர் என்று கெஞ்சினாள். அவளுடைய பிடுங்கல் தாங்காமல் அக்கா வாங்கி, என்னவென்று பார்க்காமலே ஒரு வாய் குடித்தாள்.

குடித்ததும் டம்ளரைக் கீழே இறக்கினாள். டம்ளருக்குள் பார்த்தாள். கரையாத ஐஸ் ஒன்று மிதந்துகொண்டிருந்தது.

"இன்னும் ஜில்லுனு இருக்குடா எபி," என்றாள்.

பெட்டியைத் திறக்கச் சொன்னாள். குளிர் போய்விடும் என்று யாரோ தடுத்தார்கள். நான் அந்த ஆளை முறைத்துவிட்டு, கண்ணாடி மூடியைத் தூக்கிப் பிடித்தேன். அக்கா விரலை டம்ளரில் தோய்த்து அத்தானின் உதட்டில் தடவினாள். இன்னொரு தரம் தோய்த்துத் தடவினாள். மூன்றாவது தரம் விரல் உதட்டிலேயே நின்றுவிட்டது. என் பக்கம் திரும்பி, நான் பிறந்ததிலிருந்து கேட்காத ஒரு குரலில் சொன்னாள்.

"இவரு அதைவிட ஜில்லுனு இருக்காரேடா."